எட்டு ஓட்டைகளும் ஓர் அரமும்

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே இத்தனை காலம் ஒப்பேற்றிவிட்டேன். என் காரைப் பிரித்துப் போட்டிருக்கும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "வால்வு சீட்டு என்ன மெட்டலு? ரெண்டு பக்கமும் தேச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்பேன். மெக்கானிக் நிமிர்ந்து பார்ப்பார். அதுவரை அவர் சொல்லிவந்த 'சார்' வேறு, அதற்குப் பிறகு சொல்லும் 'சார்' வேறு. அவர் திருப்பி ஏதாவது கேட்பதற்குள் போன் வந்ததுபோல வெளியே வந்துவிட வேண்டும். அதுவும் அனுபவத்தில் கற்றதுதான்.

அந்த ஒரு விஷயத்தை நான் தெரிந்துகொண்டது தொண்டியில், ஆறாம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் வீட்டு முன்னறையில்.

அப்போது எங்களிடம் ஒரு விசைப்படகு இருந்தது. ஊர்ப்பேச்சில் போட்டு. உரிமையாளர் அத்தா, ஓட்டுகிறவர் மாமா. அத்தா என்றால் அப்பா, மாமா என்றால் அம்மாவின் தம்பி. எஞ்சின் லாரிக்கென்று பிறந்து கடலுக்கு வாக்கப்பட்டது. புகுந்த வீடு பிடிக்காமல் எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் புகையோடு நிறுத்திக்கொள்ளாமல் பாதிக் கடலில் மொத்தமாகவே நின்றுவிட்டது. இன்னொரு போட்டு கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தது. இழுத்து வரப்பட்ட போட்டுக்காரர்கள் கரையில் எப்படி இறங்குவார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வலையை ஆராய்வதுபோலக் குனிந்துகொண்டே இறங்கிக் குனிந்துகொண்டே வீடு வந்து சேர்வார்கள். மாமா அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

மறுநாள் எஞ்சினைப் பிரித்து, அதன் தலையைத் தூக்கி வந்தார்கள். தலை என்று தமிழில் எழுதினால் ஏதோ கொலைக்கேஸ் போல இருக்கிறது. ஹெட் என்றே வைத்துக்கொள்வோம். வெளியே கிடந்தால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று முன்னறையிலேயே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்கு விரித்து, ஹெட்டை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் டீசல் வாசம் வராத பொருளே கிடையாது. இட்லிக்கும் வந்தது.

மல்லாந்து கிடந்த ஹெட்டில் எட்டு ஓட்டைகள் தெரிந்தன. நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரிய ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். சிறிய ஓட்டை வழியாகப் புகை வெளியே போகும். ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் வால்வு என்கிற மூடி வந்து உட்காரும். அது உட்காரும் விளிம்புதான் வால்வு சீட்டு. சோற்றுப்பானைக்கு மூடி பொருந்துவதுபோல வால்வு சீட்டில் பொருந்த வேண்டும். எங்கள் எஞ்சினில் சீட்டெல்லாம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. மூடி பொருந்தாத பானையில் ஆவி நிற்குமா?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருந்தவரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஹெட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அத்தாவைப் பார்த்துச் சொன்னார்:

"பாய், சீட்டு சாதா வார்ப்பிரும்புன்னா சொல்லுங்க, கை கட்டரைக் கொண்டாந்து இங்கனயே வெட்டிக் குடுத்துர்றேன். கெட்டி மெட்டலுன்னா என் கட்டருக்குப் பல்லு போயிரும். அதுக்கு மதுரைக்குத்தான் கொண்டுபோகணும். நீங்களும் மாப்பிள்ளையும் நல்லாப் பாத்துட்டு ஒரு முடிவாச் சொல்லியனுப்புங்க."

ஒரு டாக்டர் நோயாளியின் சொந்தக்காரர்களிடம், என்ன வியாதி என்று நீங்களே பேசி முடிவெடுத்துச் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி இருந்தது. அந்த வயதில் எனக்கு அது விநோதமாகப் படவில்லை. பெரியவர்கள் எல்லாமே இப்படித்தான் செய்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அத்தாவுக்கு சவுதியிலிருந்து விசா வந்திருந்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் ஜித்தாவில் ஒரு கிடங்கில் வேலை பிடித்துக் கொடுத்திருந்தார். எஞ்சின் நின்றதும் அத்தா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: இந்த எஞ்சினுக்கு இங்கேயே வைத்தியம் பார்க்க முடிந்தால் இருக்கிறேன். மதுரை, மெட்ராஸ் என்று அலைய வேண்டுமென்றால் போட்டை விற்றுவிட்டு ஜித்தாவுக்குப் போகிறேன். ஆக, சீட்டு வார்ப்பிரும்பு என்றால் அத்தா இருப்பார். கெட்டி மெட்டல் என்றால் அத்தா போவார், போட்டும் போகும், போட்டோடு மாமாவின் பிழைப்பும் போகும். எனக்கு விளங்கியவரை எங்கள் வீட்டின் எதிர்காலத்தை முடிவுசெய்ய வேண்டிய பொறுப்பு அந்த உலோகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. அலமாரிக்கு மேலே அத்தா வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டி ஒன்று இருந்தது. அம்மா அதற்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டாள். தூசி படாமல் இருக்க என்றாள். தூசிக்கு என்றால் மேலே மட்டும் மூடினால் போதும். நாலு மூலையும் தெரியாதபடி செருகி விட்டிருந்தாள்.

என்னைப் பொறுத்தவரை நான் நடுநிலையாளன். பக்கத்து வீட்டுப் பையனின் அத்தா துபாயிலிருந்து ஒரு பென்சில் பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அழிரப்பர் தானாக எட்டிப் பார்க்கும். இன்னொன்றை அழுத்தினால் பென்சில்கள் எழுந்து நிற்கும். ஒரு பக்கம் அத்தா, மறுபக்கம் அந்தப் பென்சில் பெட்டி. நேர்மையான எந்தப் பிள்ளைக்கும் முடிவெடுக்கக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் சோதனை அன்று மாலையே நடந்தது. பொழுது சாய்ந்து மஹ்ரிப் தொழுதுவிட்டு இருவரும் வந்து மீன் பெட்டிக்கு இரண்டு பக்கமும் குந்தினார்கள். மாமா ஒரு முக்கோண அரத்தை எடுத்து, அதன் நுனியைச் சீட்டின் உள் விளிம்பில், வால்வு படாத இடமாகப் பார்த்து வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கர்ரென்று கடித்தது. விரலால் துடைத்து, நகத்தில் ஒட்டிய கறுப்புத் தூளை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

"பாத்தீங்களா மச்சான், அரம் கடிக்குது. சுத்தமான வார்ப்பிரும்பு. அல்வா மாதிரி வெட்டிரலாம்."

அத்தா அரத்தை வாங்கினார். வைத்தார். இழுத்தார். கீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது.

"எங்க கடிக்குது? கண்ணாடில தேய்ச்ச மாதிரில வழுக்குது. இது கெட்டி மெட்டலு மாப்ள."

"அரத்த அழுத்திப் பிடிங்க மச்சான்."

"நான் அழுத்திப் பிடிச்சா ஹெட்டே ரெண்டாப் போயிரும்."

"அழுத்தாம இழுத்தா வெண்ணெய்யே வழுக்கத்தான் செய்யும்."

"ஏன், நடுக்கடல்ல நிப்பாட்டிட்டு வந்தியே, அப்பவும் அழுத்தாமத்தான் ஓட்டுனியா?"

மாமா அரத்தை வாங்கி மறுபடி தேய்த்தார். கடித்தது. அத்தா வாங்கித் தேய்த்தார். வழுக்கியது. கடைசியில் அத்தா அரத்தைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். "லைட்டு வெளிச்சத்துல ஒண்ணும் சரியாத் தெரியல. நாளைக்கு வெளிச்சத்துல இன்னொரு தடவ பாப்போம்."

மறுநாளும் மஹ்ரிபுக்குப் பிறகுதான் பார்த்தார்கள். அதற்கு மறுநாளும். வழக்கு வாய்தா வாங்கிக்கொண்டே போனது. ஊரில் செய்தி பரவி, நலம் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்கள். வந்தவர்களில் அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் கம்பியால் தட்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் பக்கத்துப் புரோட்டாக் கடையில் வேலை பார்த்த ஒருவர், சாணைக்கல்லில் பிடித்தால் வரும் தீப்பொறியை வைத்தே சொல்லிவிடலாம் என்றார். ஹெட்டைத் தூக்கிச் சாணைக்கல்லில் எப்படிப் பிடிப்பது என்று மாமா கேட்டதற்கு, அது உங்கள் சாமர்த்தியம் என்றார். மாமா தேய்க்கும்போது அம்மாவிடமிருந்து சூடாக டீ வந்தது. அத்தா தேய்க்கும்போது டீ கொஞ்சம் ஆறி வந்தது. இதைத் தவிர அம்மாவின் கட்சி எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. காந்தம் இரும்பைக் கவரும் என்று அறிவியல் புத்தகத்தில் போட்டிருந்தது. என்னிடம் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று இருந்தது. ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வேறு. இவ்வளவு எளிய விஷயத்துக்கு இரண்டு பெரிய மனிதர்கள் இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று பரிதாபப்பட்டுக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் காந்தத்தை ஒரு சீட்டின் மேல் வைத்தேன். டக்கென்று ஒட்டியது. இன்னொன்றில் வைத்தேன். டக். ஓட்டையே இல்லாத இடத்தில் வைத்தேன். அங்கேயும் டக். ஹெட் மொத்தமுமே வார்ப்பிரும்பு. கல்யாண வீட்டின் நடுவே நின்று, இதில் சொந்தக்காரர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்று கேட்டது போலத்தான். காந்தத்தைப் பிய்த்தெடுக்க அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அறிவியலோடு எனக்கு ஏற்பட்ட முதல் கசப்பு அது. பிறகு கணக்கோடும் ஏற்பட்டு, கடைசியில் இலக்கியம் படிக்கப் போய்விட்டேன்.

ஆனால் அன்று அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. பெரிய ஓட்டைகளில் ஒன்றின் உள் விளிம்பில் மட்டும் அரம் பட்ட கீறல்கள் நிறைய இருந்தன. அதற்குப் பக்கத்துச் சின்ன ஓட்டையில் கீறலே இல்லை, கரி மட்டும் துடைத்தெடுத்தாற்போல் பளபளவென்றிருந்தது. அன்று மாலை கவனித்துப் பார்த்தேன். மாமா எப்போதும் பெரிய ஓட்டையில்தான் தேய்த்தார். அத்தா எப்போதும் சின்ன ஓட்டையில்தான் தேய்த்தார்.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அப்போதே கேட்டிருக்கும். நான் எங்கள் ஊர்ப் பிள்ளை. எங்கள் ஊர்க் கடல் பங்கு பிரித்த கடல். சில நாள் போட்டுகளுக்கு, சில நாள் நாட்டு வள்ளங்களுக்கு. ஒருவர் நாளில் இன்னொருவர் வலை போட்டால் கரையில் கூட்டம் கூடிவிடும். கண்ணுக்கு எட்டிய தண்ணீரையே நாள் வைத்துப் பங்கு போட்டவர்கள் எட்டு ஓட்டைகளைப் பங்கு போட மாட்டார்களா? பெரியது மாமா ஓட்டை, சின்னது அத்தா ஓட்டை என்று ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

இருந்தாலும் அரிப்பு தாங்காமல் மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, சின்ன ஓட்டையில தேச்சா என்ன?"

"ஏலே மருமகனே, ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம். பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலயா?"

அத்தாவிடம் போய், பெரிய ஓட்டையில் தேய்த்தால் என்ன என்று கேட்டேன். அவரும் சோற்றுப்பானையைத்தான் சொன்னார். அந்த நாட்களில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தப் பழமொழி.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது லேத்துக்காரரும் கூடவே வந்தார். வழியில் பிடித்திருப்பார்கள்போல.

"என்ன பாய், முடிவு தெரிஞ்சுதா? எனக்கும் உப்பூர்ப் பக்கம் ஒரு வேலை நிக்குது" என்றார்.

"மாப்ள சொல்றது எனக்கு ஒத்துவரல" என்றார் அத்தா.

"மச்சான் அரம் பிடிக்கிறது எனக்கு ஒத்துவரல" என்றார் மாமா.

அம்மா டீ கொண்டுவந்தாள். மூன்று பேரும் டம்ளரைக் கையில் எடுத்தார்கள். அரம் சும்மா கிடந்தது. நான் எடுத்தேன். மீன் பெட்டிக்கு முன்னால் குந்தி, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஓதுகிற பள்ளியில் பாடம் ஒப்பிக்கும் ராகத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"பெருசு, கடிக்குது. சின்னது, வழுக்குது. பெருசு, கடிக்குது. சின்னது, வழுக்குது."

நாலு ஜோடியும் முடிந்தது. எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னேன்.

"மாமா சொல்றதும் கரெக்ட்டு. அத்தா சொல்றதும் கரெக்ட்டு. பெரிய ஓட்டையில வார்ப்பிரும்பு, சின்ன ஓட்டையில கெட்டி மெட்டலு. ரெண்டு பேரும் வேற வேற எடத்துல தேச்சிருக்கீங்க!"

கைதட்டலை எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம் தலையில் ஒரு தடவல். மாமா டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அத்தா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். லேத்துக்காரர்தான் வாயைத் திறந்தார். மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஆமா தம்பி. முக்காவாசி எஞ்சின்ல அப்பிடித்தான். வெளிய போற பொகை நெருப்பாட்டம் போகும்ல, அதத் தாங்கணும்ல. அதுக்காகக் கெட்டி வளையம் தனியா எறக்கி வச்சிருப்பான். உள்ள வாரது வெறும் காத்து. அதுக்கு ஹெட்டுல உள்ள இரும்பே போதும்."

பிறகு அத்தாவின் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, "மதுரையில நமக்குத் தெரிஞ்ச பட்டறை இருக்கு பாய். கெட்டி மெட்டலத் தேய்க்கிற கல்ல அங்கருந்து நாளைக்கே பஸ்ஸுல போட்டு விடச் சொல்றேன். ரெண்டு வகைச் சீட்டையும் இங்கனயே முடிச்சிரலாம்" என்றார்.

ஹெட்டை எங்கேயும் கொண்டுபோக வேண்டியதில்லை. போட்டை விற்க வேண்டியதில்லை. மாமாவின் முகம் மலர்ந்தது.

"அப்பறம் என்ன மச்சான், எல்லாம் சரியாப் போச்சுல்ல" என்றார்.

அத்தா என் கையிலிருந்து அரத்தை வாங்கினார். கைலி முனையில் அதை நிதானமாகத் துடைத்தார். சாக்கின் மேல் வைத்தார்.

"நல்லபடியா செஞ்சு வாங்கு மாப்ள. விக்கவெல்லாம் வேணாம். நீயே பாத்து ஓட்டு." பிறகு, "நான் போயிட்டு வாரேன்" என்றார்.

டீக்கடைக்குக் கிளம்பும்போதும் அத்தா அப்படித்தான் சொல்வார். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

வாசற்படியில் நின்றிருந்த அம்மா உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். முன்னறையில் கிடைக்காத பாராட்டு அடுப்படியிலாவது கிடைக்க வேண்டும் அல்லவா? அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான் கண்டுபிடிச்சேன்."

அம்மா திரும்பவில்லை.

"ஒன்னய யாரு எல்லா ஓட்டையையும் தேய்க்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் செஞ்சேன்" என்றேன் பெருமையாக. யாரும் சொல்லாமலேயே ஒரு காரியத்தைச் செய்கிற பிள்ளை என்று என்னை அம்மா மெச்சுவதாகவே நினைத்தேன். மீன் சட்டியில் தண்ணீரை அவ்வளவு வேகமாக ஊற்றியதற்கும் வேறு அர்த்தம் தோன்றவில்லை.

கல் வந்தது. லேத்துக்காரர் எட்டுச் சீட்டுகளையும் முடித்துக் கொடுத்தார். எஞ்சின் பழையபடி புகைந்துகொண்டே நல்லபடியாக ஓடியது. போர்வையை எடுத்து அம்மா நாலாக மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள், அங்கே குளிராக இருக்கும் என்று. ஜித்தாவில் குளிருமா என்று நான் கேட்டேன். அம்மா பெட்டியை அழுத்தி மூடினாள். அத்தா முதல் தடவை ஊருக்கு வந்தபோது பென்சில் பெட்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுடையதைவிட ஒரு பொத்தான் அதிகம். அதற்குள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேனாவுக்கு மாறியிருந்தோம்.

கதைகள் நிறையப் படித்துக் கெட்டுப்போன பிறகு, உள்ளே வருகிற ஓட்டையை மாமாவும் வெளியே போகிற ஓட்டையை அத்தாவும் பிடித்துக்கொண்டிருந்ததில் பெரிய உருவகம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியது. மாமாவிடமே ஒருமுறை சொன்னேன். "பெரிய ஓட்டை கைக்கு வசதிலே" என்றார். சரி, இரண்டும் வேறு வேறு உலோகம் என்று அப்போது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியாம என்ன? அந்த ஹெட்ட வருசா வருசம் கழட்டி மாட்டுனதே நானும் மச்சானும்தான."

மாமா அத்தாவைப் போகவிடாமல் பிடித்துவைக்கத் தேய்த்தார், அத்தா போவதற்குக் காரணம் தேடித் தேய்த்தார். அதுவரைக்கும் நானாகவே ஒருவழியாகப் புரிந்துகொண்டேன். அதற்கே எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனால் போக நினைக்கிறவருக்கு விசா கையில் இருந்தது, பெட்டி அலமாரி மேல் இருந்தது. அவர் யாருடைய அனுமதிக்கும், எந்த உலோகத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் தினமும் தொழுதுவிட்டு வந்து அந்த மீன் பெட்டிக்கு முன்னால் குந்தி, ஏற்கெனவே விடை தெரிந்த ஓட்டையைத் தேய்த்து, நாளைக்கு வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அந்த வழக்கு முடியாதவரை அவர் போகவும் வேண்டாம், போகவில்லை என்று சொல்லவும் வேண்டாம். ஒரு நாள்கூட அவர் பகலில் வந்து பார்க்கவில்லை.

நான் தேய்த்தது வெள்ளிக்கிழமை மதியம். நல்ல வெளிச்சம்.